பொருள்நிரலின் கடைசி வரி

2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரி மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை, போச்சம்பள்ளி, ஊத்தங்கரை எல்லாம் அந்தப் பக்கம் போயின. தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இந்தப் பக்கம் நின்றன. கலெக்டர் ஆபீஸ்காரர்களுக்குக் கொஞ்ச நாள் தூக்கம் இருக்காது என்று ஆசிரியர் ஓய்வறையில் பேசிக்கொண்டோம். எங்களுக்கும் வேலை இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை. பள்ளி நூலகங்களைக் கவனிக்கிறவர்களுக்கென்று நாங்கள் வைத்திருந்த சிறிய சங்கத்தின் தலைவர் ஓசூர்க்காரர், செயலாளர் கிருஷ்ணகிரி, பொருளாளர் ஊத்தங்கரை. மூன்று பேரும் ஒரே நாளில் வேறு மாவட்டத்துக்காரர்கள் ஆகிவிட்டார்கள். தருமபுரிப் பக்கத்து உறுப்பினர்களுக்கு மிஞ்சியது ஒரு தீர்மான நோட்டும், பாதி கிழித்த சந்தா ரசீதுப் புத்தகமும்தான்.

அந்தச் சங்கத்தில் மூன்று வகையானவர்கள் இருந்தோம். அரசு உதவி பெறும் பள்ளிகளில் நூலகர் என்ற பணியிடத்திலேயே வேலை பார்த்தவர்கள் சிலர். எல்லாரும் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். மெட்ரிக் பள்ளிகளில் சேர்ந்திருந்த பி.லிப்., எம்.லிப். படித்த இளம்பெண்கள் சிலர். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. மீதிப்பேர் என்னைப் போன்ற அரசுப் பள்ளி ஆசிரியர்கள். நான் தமிழாசிரியை. ஜூன் மாதம் தலைமையாசிரியர் போடும் பொறுப்புப் பட்டியலில் சாரணர் இயக்கம், செஞ்சிலுவைச் சங்கம், தோட்டம் என்று வரும் வரிசையில் ‘நூலகம்’ என்றும் ஒரு வரி இருக்கும். அதற்கு நேராக யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அந்தப் பள்ளியின் நூலகர்.

பள்ளிக்குப் பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும் என்பது புதிய கோரிக்கையல்ல. ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு அதை அழுத்தமாகவே சொல்லியிருக்கிறது. அரை நூற்றாண்டு கழித்தும் நான் வேலை பார்த்த பள்ளியில் அந்தப் பணியிடம் இல்லை. எனக்கு இது இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

எங்கள் பள்ளிகளில் நூலகம் என்றால் பீரோ. இரும்பு பீரோ, இரண்டு அல்லது மூன்று. தலைமையாசிரியர் அறையிலோ அறிவியல் ஆய்வகத்தின் மூலையிலோ நிற்கும். சாவி பொறுப்பாசிரியரின் கைப்பையில். பீரோவைத் திறந்து பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்று ஆசையில்லாத ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் ஸ்டாக் ரிஜிஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. மேஜை, நாற்காலி, உலக உருண்டை எழுதுவது போலத்தான் புத்தகத்தையும் இருப்பில் எழுதுவார்கள். ஆண்டு முடிவில் எண்ணிப் பார்ப்பார்கள். குறைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது குறைந்தாலும் அவரேதான். ஓய்வு பெறும் நேரத்தில் தணிக்கைத் தடையாக வந்து நின்றால் பென்ஷன் தாளே நகராது.

பென்னாகரம் பக்கத்தில் வேலை பார்த்த ஒரு சமூக அறிவியல் ஆசிரியரை எனக்கு நன்றாகத் தெரியும். பீரோவைப் பூட்டியே வைக்காதவர். அவருடைய பிள்ளைகள் படித்தார்கள், புத்தகங்களும் கிழிந்தன, சில திரும்பி வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் அவர் சொல்வது ஒன்றுதான். மழை பொய்த்த வருஷம் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். பையன் பையிலே நம்ம புத்தகமும் போயிடுச்சு. எங்கள் மாவட்டத்தில் இது கதையல்ல. பருவத்தேர்வு முடிந்து வகுப்பைப் பார்த்தால் இரண்டு மூன்று இடம் காலியாக இருக்கும். பெங்களூர், திருப்பூர், கேரளம் என்று அப்பா அம்மா பின்னால் போயிருப்பார்கள். தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அந்தப் பையன் அந்தப் புத்தகத்தைத் திறந்திருந்தால் நூலகம் தன் வேலையைச் செய்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன். அந்த ஆசிரியர் ஓய்வு பெற்றபோது தொலைந்த புத்தகங்களுக்கான தொகையைத் தன் கையிலிருந்து கட்டினார். பெரிய தொகை இல்லை. ஆனால் அதைப் பார்த்த மற்ற பொறுப்பாசிரியர்கள் அன்றைக்கே பீரோவை இழுத்துப் பூட்டினார்கள்.

சங்கத்துக்கு யார் தலைமை என்பது எங்களுக்கு ஏன் முக்கியம் என்று இதை வைத்தே சொல்லலாம். சம்பளம், இடமாறுதல், பதவி உயர்வு பற்றிப் பேசப் பெரிய ஆசிரியர் சங்கங்கள் இருந்தன. தொலைந்த புத்தகத்தைப் பற்றிப் பேச எங்கள் சங்கத்தைத் தவிர வேறு நாதி கிடையாது. அதை எங்கள் சங்கமும் அதுவரை பேசியதில்லை.

ஏன் பேசவில்லை? பொறுப்பாளர்கள் தேர்வு நடந்த விதத்தைப் பார்த்தால் புரியும். ஒன்றுபட்ட மாவட்டமாக இருந்தபோது பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை காலை கூடும். பத்து மணி என்று போட்டிருப்பார்கள். ஓசூரிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் வர வேண்டும், ஆகவே பதினொன்றரைக்குத் தொடங்கும். வரவேற்பு, அஞ்சலி, ஆண்டறிக்கை, வரவு செலவு, வாழ்த்துரைகள், சாப்பாடு, மறுபடியும் வாழ்த்துரைகள். பொருள்நிரலின் கடைசி வரியில்தான் ‘புதிய பொறுப்பாளர்கள் தேர்வு’ இருக்கும். அது வரும்போது மணி ஐந்தாகியிருக்கும். அரூர், தீர்த்தமலை, ஏரியூர் என்று பஸ் மாறிப் போக வேண்டிய பெண்கள் நான்கு மணிக்கே மெல்ல எழுந்து, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியேறியிருப்பார்கள். இருப்பவர்கள் இருபது பேர். மதியச் சாப்பாட்டுக்குப் பின் டீக்கடையில் முடிவான பட்டியல் ஒரு துண்டுச்சீட்டில் இருக்கும். இந்த வட்டாரத்துக்கு ஒன்று, அந்த வட்டாரத்துக்கு ஒன்று, இன்னாருடைய ஆட்களுக்கு ஒன்று என்று எல்லாக் கணக்கும் பார்த்து எழுதியிருப்பார்கள். வாய்விட்டுச் சொல்லாத சாதிக் கணக்கும் அதில் உண்டு. முன்மொழிகிறேன், வழிமொழிகிறேன், கைதட்டல். தீர்மான நோட்டில் ‘ஒருமனதாக’ என்று எழுதிவிடுவார்கள். பெண் பெயர் வேண்டுமே என்று ஊருக்குப் போய்விட்ட யாராவது ஒருவரை இணைச்செயலாளர் ஆக்கிவிடுவார்கள். அவருக்குச் செய்தி அடுத்த வாரம் தபாலில் போகும்.

பட்டியலில் வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. மேடையில் நன்றாகப் பேசுவார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு பீரோ சாவி கையில் இல்லை. என்றோ நூலகப் பொறுப்பு பார்த்தவர்கள், அந்த உரிமையில் சங்கத்தில் தொடர்ந்தவர்கள். தொலைந்த புத்தகத்தின் பயம் அவர்களைத் தீண்டாத பயம்.

மாவட்டம் பிரிந்து காலியான இடத்துக்குப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றானபோது இன்னொரு சங்கடம் இருந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் யாரும் முன்வரத் தயங்கினார்கள். முந்தைய ஆண்டு ஜூலை வேலைநிறுத்தத்தை அந்தத் தலைமுறை மறந்திருக்க முடியாது. 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் டெஸ்மா எனப்பட்ட தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பாலோர் திரும்பவும் வேலையில் சேர்க்கப்பட்டாலும், சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டில் இருப்பவர்களின் முகம் மாறியது. “சந்தா வேணும்னா குடுத்துடறோம் டீச்சர், பேரு மட்டும் எங்கயும் போட்டுடாதீங்க” என்று என்னிடம் கெஞ்சியவர்கள் உண்டு. எங்கள் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு அறிவிப்புக் கொடுக்கும் சங்கமே இல்லை. ஆனாலும் பயம்.

அந்தச் சூழ்நிலையில்தான் என்னைத் தேர்தல் அலுவலராகப் போட்டார்கள். நான் எந்தப் பொறுப்புக்கும் நிற்கப்போவதில்லை என்று முன்பே சொல்லியிருந்தேன். மே 10 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்து வந்த களைப்பும் தீரவில்லை. நாடு முழுக்க எல்லாத் தொகுதிகளிலும் மின்னணு இயந்திரத்தில் வாக்குப்பதிவு நடந்த முதல் பொதுத்தேர்தல் அது. ஏஜெண்டுகள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டி, எண்ணிக் காட்டி, அழித்துக் காட்டி, சீல் வைத்துத் தொடங்கினோம். சித்தேரி மலைக்கு மேலே இருக்கிற ஒரு சாவடிக்காகக்கூட இவ்வளவு கவனம் எடுக்கிறது நாடு. பிள்ளைகளின் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் சங்கத்துக்கு மட்டும் டீக்கடைத் துண்டுச்சீட்டு போதுமா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

அழைப்பிதழை நான்தான் எழுதினேன். பொருள்நிரலில் முதல் வரி: பொறுப்பாளர் தேர்தல், ரகசிய வாக்கெடுப்பு, காலை 11 மணி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அரூர்ப் பக்கத்து மூத்தவர் ஒருவர் பள்ளிக்கே வந்துவிட்டார். “தேர்தலை முதல்ல வெச்சுட்டா அப்புறம் கூட்டத்துல யாரு டீச்சர் உட்காருவா?”

“ஓட்டுப் போட வேண்டியவங்க இருக்கணும்ங்க சார். வாழ்த்துரை கேக்கறவங்க குறைஞ்சா பரவாயில்லை.”

“போட்டின்னு வந்தா மனஸ்தாபம் வரும். நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்கு? பேசி முடிச்சுடலாமே.”

பேசி முடிக்கும் இடத்தில் எல்லாரும் இருந்தால் எனக்கு ஆட்சேபமில்லை என்றேன். அவர் டீ குடித்துவிட்டுப் போனார். கூட்டத்துக்கு வந்தார், கடைசி வரை இருந்தார்.

கூட்டம் தருமபுரியில் ஒரு பள்ளிக் கூடத்தில். பெஞ்சுகளை ஒதுக்கிப் போட்டிருந்தோம். அத்தனை பெண்களை எங்கள் பொதுக்குழுவில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பதினோரு மணிக்கு ஓட்டு என்று போட்டதன் பலன் அது. சிலர் குழந்தைகளையும் கூட்டி வந்திருந்தார்கள்.

வாக்கெடுப்புக்கு முன்பே ஒரு விவாதம் மூண்டது. யார் நிற்கலாம்? உதவி பெறும் பள்ளி நூலகர் ஒருவர், பணியில் மிகவும் மூத்தவர், எழுந்து சொன்னார்: நூலக அறிவியல் படித்தவர்கள்தான் பொறுப்புக்கு வர வேண்டும்; இது தொழில்முறைச் சங்கம்; பொறுப்பாசிரியர்கள் உறுப்பினராக இருக்கட்டும், தலைமைக்கு வேண்டாம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு பணிக்குப் படிப்பு தேவையில்லை என்று அந்தப் பணியைச் செய்கிறவர்களே ஒப்புக்கொண்டால், பணியிடம் கேட்டு எந்த முகத்தோடு மனு எழுதுவது?

உடனே பென்னாகரம் ஆசிரியர் ஒருவர் எழுந்தார். “ரங்கநாதன் ஐயாவே கணக்கு வாத்தியார்தானுங்களே!”

உண்மைதான். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். கூடத்தில் ஆசிரியர்கள் எல்லாம் கை தட்டினார்கள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல். பாலக்கோடு பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியின் நூலகர். வயது முப்பதுக்குள் இருக்கும். “கணக்கு வாத்தியாரா இருந்தவர்தாங்க சார். ஆனா வேலைக்குச் சேர்ந்த அதே வருஷம் லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பு படிச்சுட்டு வந்தாரு. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.”

கூடம் அமைதியாகிவிட்டது. இரண்டு தரப்புக்கும் அது பதில். முடிவில் விதி இப்படி எழுதினோம்: பள்ளி நூலகத்தை இப்போது கையில் வைத்திருக்கிற யாரும் நிற்கலாம், ஓட்டுப் போடலாம், பயிற்சியில்லாதவர் பொறுப்புக்கு வந்தால் தன் பதவிக்காலத்துக்குள் நூலக அறிவியலில் சான்றிதழ்ப் படிப்பாவது முடிக்க வேண்டும். ‘இப்போது’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னது நான். சாவி கையில் இல்லாதவர்கள் அந்த ஒரு சொல்லால் விலகிக்கொண்டார்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டு என்று வைத்தோம். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமும் நிர்வாகக் குழுவுக்கு அதற்கு மேல் இடம் கொடுப்பதில்லை.

வாக்குச்சீட்டுக்குப் பழைய நூற்பட்டியல் அட்டைகளைப் பயன்படுத்தினோம். ஐந்து அங்குலம் நீளம், மூன்று அங்குலம் அகலம், கீழ்ப்பக்கம் நடுவில் ஒரு துளை. ஒருபுறம் யாரோ அழகான கையெழுத்தில் ஆசிரியர் பெயர், நூற்பெயர், வகைப்பாட்டு எண் எழுதியிருந்தார்கள், மறுபுறம் வெறுமை. அந்த வெறும் பக்கத்தில் பெயர் எழுதி, மடிக்காமல், கவிழ்த்து, அட்டைப்பெட்டி இழுப்பறைக்குள் போட வேண்டும். எண்ணும்போது ஒவ்வொரு அட்டையையும் உயர்த்திக் காட்டிப் படித்துவிட்டு, துளை வழியாக இழுப்பறையின் கம்பியில் கோத்தோம். இரண்டு வேட்பாளருக்கு இரண்டு கம்பி. கோத்த பிறகு இடையில் ஒன்றைச் செருகவும் முடியாது, உருவவும் முடியாது. நூலகத்துக் கருவியே தேர்தலுக்கும் இவ்வளவு பொருத்தமாக அமைந்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

தலைவர் பொறுப்புக்கு அந்த மூத்த நூலகர் போட்டியின்றி வந்தார். செயலாளருக்குத்தான் இருவர்.

ஒருவர் மொரப்பூர் பக்கத்து ஆசிரியர். எல்லாச் சங்கத்திலும் முகம் தெரிந்தவர். 2003 ஜூலையில் பணிநீக்கப் பட்டியலில் பெயர் வந்தவர். அந்த நாட்களில் நாங்கள் பயந்து வீட்டில் இருந்தபோது, வேலை போனவர்களின் வீடு வீடாகப் போய் அரிசி இருக்கிறதா என்று கேட்டவர். அவர் பேசும்போது குரல் தழுதழுத்தது. ஒற்றுமை வேண்டும், மாவட்டம் பிரிந்தாலும் சங்கம் நொறுங்கக் கூடாது என்றார். எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

இன்னொருவர் அந்தப் பாலக்கோட்டுப் பெண். அவர் பேசுவதற்கு எதுவும் எழுதி வரவில்லை. தன் நூலகத்தின் இஷ்யூ ரிஜிஸ்டரைக் கொண்டுவந்திருந்தார். நீளமான நோட்டு, ஓரமெல்லாம் மடங்கி, பசை போட்டு ஒட்டியது. ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்தார். வகுப்பு, பெயர், புத்தகம், எடுத்த தேதி, கொடுத்த தேதி. ஒரே புத்தகத்தை ஒரு பெண் மூன்று தடவை எடுத்திருக்கிறாள். ஒரு பையன் எடுத்த வரிக்கு எதிரே கொடுத்த தேதி இல்லை. அங்கே நிறுத்தினார்.

“இந்த இடம் காலியா இருக்கறதுக்காகத்தான் நம்ம பீரோ எல்லாம் பூட்டிக் கிடக்குது. புத்தகம் தொலைஞ்சா யாரு பணம் கட்டறதுங்கற பயம் போகாத வரைக்கும் யாரும் திறக்க மாட்டாங்க. நான் வந்தா இந்த ஒரு மனுவத்தான் எழுதுவேன். வேற எதுவும் சொல்றதுக்கு இல்லைங்க.”

உட்கார்ந்துவிட்டார். இரண்டு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டார்.

அட்டைகளைக் கோத்து முடித்தபோது இரண்டு கம்பிகளிலும் அட்டைகள் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு இருந்தன. நாலைந்து அட்டை வித்தியாசத்தில் அந்தப் பெண் வென்றார். அவருக்கு விழுந்த எல்லா ஓட்டும் அந்த ரிஜிஸ்டருக்காக விழுந்தது என்று சொல்ல மாட்டேன். தனியார் பள்ளி ஊழியர் செயலாளராக இருந்தால் டெஸ்மா போன்றது நம் சங்கத்தின் மேல் பாயாது என்று கணக்குப் போட்டவர்களும் இருந்தார்கள், என்னிடமே சொன்னார்கள். தேர்தல் என்றால் எல்லாக் காரணங்களும் கலந்துதான் வரும். தோற்றவர் முடிவுத்தாளில் கையெழுத்துப் போட்டார். அரூர் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் ஒன்றரை மணிக்குப் புளியோதரை சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் புறப்பட்டார்கள். வாழ்த்துரைகள் மூன்று மணிக்கு முடிந்தன.

ஒரு தொழில்முறைச் சங்கத்தில் வேலை நடக்கும் இடம் செயலாளர் பொறுப்புதான். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியபோது ரங்கநாதன் எடுத்துக்கொண்டது அந்தப் பொறுப்பைத்தான். 1945 வரை அவர்தான் செயலாளர். நூலகர் பயிற்சி வகுப்பு 1929இல் அந்தச் சங்கத்தின் முயற்சியில் தொடங்கிப் பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போனது. பள்ளி, கல்லூரி நூலகங்கள் பற்றி அவர் தனியாக ஒரு நூலே 1942இல் எழுதினார். பொது நூலகச் சட்டம் வேண்டும் என்ற ஒரே கோரிக்கையை விடாமல் பிடித்து நின்றார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948இல் சென்னை மாகாணத்தில் அது சட்டமானது. இந்தியாவில் மாகாண அளவில் வந்த இத்தகைய சட்டங்களில் அதுதான் முன்னோடி. ஒரு கோரிக்கை, ஒரு மனிதர், ஏறக்குறைய இருபது ஆண்டு.

எங்கள் செயலாளருக்கு அவ்வளவு காலமும் இல்லை, வசதியும் இல்லை. தனியார் பள்ளியில் வார நாளில் விடுப்புக் கேட்டால் சம்பளம் பிடிப்பார்கள். கல்வி அலுவலகம் திறந்திருப்பதோ வார நாளில் மட்டும். வெறும் நல்லெண்ணத்தால் இந்தச் சிக்கல் தீராது. தீர்த்து வைத்தவர் தோற்றுப்போன அந்த மொரப்பூர் ஆசிரியர்தான். “நீங்க எழுதிக் குடுங்கம்மா, நான் கொண்டு போய்ச் சேர்க்கிறேன்” என்றார். அவர் மனுவோடு போவார், வரிசையில் நிற்பார், பெற்றுக்கொண்ட முத்திரையோடு நகலைக் கொண்டுவந்து கொடுப்பார். அவரையே செயலாளராகப் போட்டிருக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. மனுவைக் கொண்டுபோகப் பலரால் முடியும். அதில் என்ன எழுத வேண்டும் என்பது அந்த ரிஜிஸ்டரின் காலி இடத்தைத் தினமும் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

2005இல் மத்திய அரசின் பொது நிதி விதிகள் புதிதாக வந்தன. அதில் நூலகத்துக்கென்று ஒரு விதி இருப்பதை எங்கள் செயலாளர்தான் கண்டுபிடித்தார். ஓராண்டில் வழங்கிய, படிக்கக் கொடுத்த ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் வரை தொலைவது இயல்பு. நேர்மைக்குறைவோ அலட்சியமோ இல்லாதவரை அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இதுதான் விதியின் சாரம். மத்திய அரசு நூலகங்களுக்கான விதி, நம் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் புத்தகம் தொலைவது குற்றமல்ல, புழக்கத்தின் இயல்பு என்று அரசாங்கமே அச்சில் சொல்லியிருக்கிறதே! அந்தப் பக்கத்தை நகலெடுத்து மனுவோடு இணைத்தார். வெளியூர் வேலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் என்பதால் கூடுதல் விலக்கு வேண்டும் என்றும் ஒரு பத்தி எழுதினார். அந்தப் பத்தியை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. வேறு எந்த மாவட்டத்துச் சங்கத்துக்கும் தோன்றியிருக்காது.

நான் ஓய்வு பெறும்வரை அந்த மனுவுக்கு ஆணை வரவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. மனுவின் நகலை எல்லா உறுப்பினர்களும் தங்கள் தலைமையாசிரியரிடம் காட்டினார்கள். சில தலைமையாசிரியர்கள், கிழிந்ததும் தொலைந்ததுமான புத்தகங்களை ஆண்டுதோறும் குழு வைத்துப் பார்த்துத் தீர்மானம் எழுதி வைக்க ஒப்புக்கொண்டார்கள். பொறுப்பாசிரியர் தனி ஆளாக நிற்க வேண்டியதில்லை என்றானது. சில பீரோக்கள் திறந்தன. எங்கள் பள்ளி பீரோவும் அதில் ஒன்று.

செயலாளரின் மூன்று ஆண்டு முடியும்போது அடுத்தவர் யார் என்ற கேள்வி வந்தது. இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே பள்ளி நூலகர்களின் சங்கம் 1951 முதல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் ஒரு பிரிவாக இயங்குகிறது. அதன் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது அடுத்த ஆண்டின் தலைவரை. அவர் ஓராண்டு பக்கத்தில் இருந்து பழகுகிறார், அடுத்த ஆண்டு தலைவராகிறார், அதற்கடுத்த ஆண்டு முன்னாள் தலைவராக உடன் இருக்கிறார். அதை நான் பின்னாளில்தான் படித்தேன். ஆனால் எங்கள் செயலாளர் அதைப் படிக்காமலேயே செய்துகொண்டிருந்தார். மனு எழுதும்போதெல்லாம் துணைச்செயலாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். துணைச்செயலாளர் கடத்தூர்ப் பக்கத்துப் பெண். முதல் ஆண்டு உறை ஒட்டினாள், இரண்டாம் ஆண்டு நகல் எழுதினாள், மூன்றாம் ஆண்டு அவளே வரைவு எழுதினாள். அடுத்த தேர்தலில் அவளும் வாக்குப் பெற்றே வந்தாள்.

உதவி பெறும் பள்ளி நூலகர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். மெட்ரிக் பள்ளிப் பெண்கள் திருமணமாகி வெளியூர் போனார்கள். சங்கம் மெலிந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காட்டைத் தொட்டபோது தருமபுரி 68.5 விழுக்காட்டோடு கடைசியில் நின்றது. அதைப் படித்த அன்று நான் அந்தப் பூட்டிய பீரோக்களையெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

இன்று நிலைமை நிறைய மாறியிருக்கிறது. வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் வகுப்பறைக்கே வந்து கயிற்றில் தொங்குகின்றன. தகடூர் புத்தகப் பேரவையின் புத்தகத் திருவிழாவுக்குப் பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். நூலகப் பொறுப்பாசிரியர்கள் மறுபடியும் ஒன்றுசேரத் தொடங்கியிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அதில் எனக்கு ஒரு கவலை. வாட்ஸ்ஆப் குழுவைத் தொடங்கியவரே ஒருங்கிணைப்பாளர் ஆகிவிடுகிறார். யாரும் ஓட்டுப் போடுவதில்லை, யாரும் மறுப்பதுமில்லை. பழைய ‘ஒருமனதாக’ இப்போது கைப்பேசியில் கட்டைவிரல் படமாக வருகிறது. அந்த ஒருங்கிணைப்பாளர் நல்லவராகவே இருக்கலாம். அவரிடம் பீரோ சாவி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

பள்ளி நூலகம் பார்க்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். சங்கமாகக் கூடுங்கள். கூட்ட அறிவிப்பு கைக்கு வந்ததும் பொருள்நிரலைப் பாருங்கள். பொறுப்பாளர் தேர்வு கடைசி வரியில் இருந்தால், அதை முதல் வரிக்கு மாற்றச் சொல்லி அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். மாற்றும்வரை சந்தா ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள்.